கிழித்துப் போடும் ஆட்டம்

பலகை ஆட்டத்தின் குணமே, ஆடி முடித்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடுவதுதான். காய்களை அள்ளிப் பெட்டியில் போட்டுவிட்டால், நேற்றுத் தோற்றவரும் இன்று சரிசமம். அமெரிக்காவில் 2011-இல் வெளிவந்த 'ரிஸ்க் லெகசி' இந்த வழக்கத்தை மாற்றிவிட்டது.

'ரிஸ்க்' புதிய ஆட்டமல்ல. பிரெஞ்சு சினிமா டைரக்டர் ஆல்பெர் லாமொரீஸ் அமைத்தது, 1957-இல் வெளிவந்தது. 42 பிரதேசங்கள் கொண்ட உலகப் படத்தில் பகடை உருட்டிப் படை நடத்த வேண்டும். இதை ஹாஸ்ப்ரோ கம்பெனிக்காக முன்னின்று மாற்றியமைத்தவர் ராப் டாவியோ. அவர் ஏற்பாட்டின்படி, வென்றவர் பலகையின் மேலேயே பேனாவால் கையெழுத்திடுவார். கண்டத்துக்குத் தம் இஷ்டப்படி பெயர் சூட்டலாம். போரின் வடுவை ஸ்டிக்கராக ஒட்டினால் அது அங்கேயே நிலைத்துவிடும். சில சீட்டுகளைக் கிழித்துக் குப்பையில் போடும்படி விதிப் புத்தகமே சொல்கிறது! இப்படிப் 15 ஆட்டம் ஆடிய பலகையைப் போல் இன்னொன்று உலகில் இராது.

2015-இல் டாவியோவும் மாட் லீகாக்கும் சேர்ந்து 'பாண்டமிக் லெகசி'யைக் கொண்டுவந்தனர். இதில் ஆடுவோர் அனைவரும் ஒரே கட்சி. எதிரி, கொள்ளை நோய். ஆட்டத்தில் வருவது 12 மாதங்கள். ஒரு மாதம் தோற்றால் மறுபடி ஒரு தடவை ஆடலாம். ஆக 12 முதல் 24 ஆட்டம் வரை. அத்துடன் பெட்டி தீர்ந்தது.

காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கிழிப்பதா என்று கேட்பவர்களைக் கஞ்சர்கள் என ஒதுக்கிவிட முடியாது. சினிமா டிக்கெட்டும் ஒரு காட்சியோடு தீர்ந்துதானே போகிறது என்று இதற்குப் பதில் சொல்கிறார்கள். பதில் பொருத்தமாகப் படவில்லை. பலகை ஆட்டம், அண்ணன் ஆடித் தம்பிக்குக் கொடுப்பது. பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கேட்பது. தீர்ந்த பெட்டியை யாருக்குக் கொடுப்பது?

ஆயினும் புதுமை முழுவதையும் தள்ளிவிட வேண்டியதில்லை. கையெழுத்து வேறு, கிழிப்பது வேறு. 'ரிஸ்க் லெகசி' பலகையை 15 ஆட்டத்துக்குப் பிறகும் ஆடலாம். யார் எப்போது வென்றார் என்பது அதிலேயே இருக்கும். ஒரே நண்பர்கள் வாரந்தோறும் கூடி உட்கார்ந்ததற்கு அது அத்தாட்சி. நடுவில் ஒருவர் வேலை மாற்றலாகிப் போய்விட்டாலும் அவர் பெயர் பலகையை விட்டுப் போகாது. இந்த ஒன்றுக்காகவே பேனாவை அனுமதிக்கலாம். சீட்டைக் கிழிப்பதோ வெறும் ஆர்ப்பாட்டம். எடுத்து ஓரமாக வைத்தாலும் ஆட்டம் நடக்கும். அப்படியே செய்கிற வீடுகளும் உண்டு.

2017-இல் ஜேமி ஸ்டெக்மையர் வெளியிட்ட 'சார்ட்டர்ஸ்டோன்' இதற்கு ஒரு வழி கண்டது. ஆறு பேர் வரை சேர்ந்து 12 ஆட்டத்தில் ஒரு கிராமத்தைக் கட்டுகிறார்கள். கட்டிய பிறகும் அதில் தொடர்ந்து ஆடலாம். புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால் ஸ்டிக்கர், சீட்டுகளை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் காசுதான், ஆனால் பலகை வாங்க வேண்டாம். திருப்பிப் போட்டால் மறுபக்கம் வெற்றிடமாக இருக்கிறது.