சான்றிதழுக்கு முன் பாடம்!

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பாதையில் தமிழகம் முடிந்து கர்நாடகம் தொடங்கும் இடம் பாலாறு. முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனோடு போயிற்று. மாவட்டம் மாறினாலும் படிப்புக்கும் பிழைப்புக்கும் மைசூரை நோக்கிப் பஸ் ஏறுவது மாறவில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், உத்தியோகத்துக்கு ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே வளரும் நம் பிள்ளைகளிடையே இப்போது ஒரு பேச்சு பலமாக அடிபடுகிறது. 'நெட்வொர்க் பரீட்சை எழுதினால் ஐ.டி. கம்பெனியில் வேலை' என்பதே அந்தப் பேச்சு.

இந்த ஆசை நல்ல ஆசைதான். மைசூர் ஹெப்பாலில் இன்போசிஸ் நிறுவனத்தின் பெரிய பயிற்சி வளாகம் இருக்கிறது. அதைப் பஸ்ஸிலிருந்து பார்த்துப் பெருமூச்சு விட்ட தகப்பனின் மகன், நாமும் அந்தத் தொழிலுக்குப் போகலாமே என்று நினைப்பதில் என்ன தவறு? ஆனால் அந்த ஆசையின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும் ஒரு வியாபாரத்தைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் பரீட்சை எது என்று பார்ப்போம். அமெரிக்காவின் சிஸ்கோ கம்பெனி நடத்தும் சி.சி.என்.ஏ., காம்ப்டியா என்ற அமைப்பு நடத்தும் 'நெட்வொர்க் பிளஸ்' ஆகியவை பலரும் எழுதுகிறவை. இன்னும் ஒரு படி கீழே, புதிதாக வருவோருக்கென்றே சிஸ்கோ சி.சி.எஸ்.டி. என்ற பரீட்சையும் வைத்திருக்கிறது. இவற்றை எழுதப் பட்டம் தேவையில்லை. இதுவே ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதிலுள்ள பெரிய சௌகரியம்.

ஆனால் செலவு லேசானதல்ல. சி.சி.என்.ஏ. கட்டணம் 300 டாலர். வரியோடு நம் பணத்தில் இருபத்தையாயிரம் ரூபாயைத் தாண்டும். தவறினால் மறுபடியும் கட்ட வேண்டும். தேறினாலும் சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். நெட்வொர்க் பிளஸ்ஸில் 90 நிமிடத்தில் 90 கேள்விகள் வரை வரும். 900 வரையுள்ள அளவில் 720 எடுத்தால்தான் தேர்ச்சி.

இங்கேதான் குறுக்கு வழி நுழைகிறது. என்னோடு ரயில்வேயில் வேலை பார்க்கும் டிராக்மேன் ஒருவர், மனைவியின் நகையை அடகு வைத்து மகனை ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்த்தார். 'தேர்ச்சி நிச்சயம்' என்று போர்டு மாட்டியிருந்த அந்த இடத்தில் பையனுக்குக் கிடைத்தது கேள்வியும் விடையும் அடங்கிய ஒரு கட்டுக் காகிதம். அவன் அதை நெட்டுருப் போட்டுத் தேறியும் விட்டான். பிறகு வேலைக்கான நேர்முகத்தில், "ஒரு கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வரவில்லை, முதலில் எதைப் பார்ப்பாய்?" என்று கேட்டார்கள். பையனுக்கு வாய் அடைத்துப் போயிற்று. நகை இன்னும் மீளவில்லை.

பரீட்சை நடத்துகிறவர்கள் இத்தகைய திருட்டு வினாத்தாளைத் தடை செய்திருக்கிறார்கள். கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்து, மேற்கொண்டு எழுதவே விடாமல் செய்யவும் விதி இருக்கிறது. பிடிபடாமல் போனாலும் நேர்முக மேஜையில் குட்டு வெளிப்படும். ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றே. சான்றிதழைத் துரத்த வேண்டாம். பாடத்தைப் படித்தால் சான்றிதழ் பின்னால் வரும்.

அந்தப் பாடம் அவ்வளவு கடினமா? இல்லவே இல்லை. மெட்ரிகுலேஷனோடு நின்ற நானே ஓய்வு நேரத்தில் அதைப் புரட்டி வருகிறேன். ரயில்வேக்காரனுக்கு அது பழகிய சங்கதியாகவே தெரிகிறது.

கம்ப்யூட்டரில் அனுப்பும் செய்தி சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து, சரக்கு வேகன்களைப் போலப் போகிறது. ஒவ்வொன்றிலும் புறப்பட்ட முகவரியும் சேர வேண்டிய முகவரியும் இருக்கும். வழியிலுள்ள ஜங்ஷன்தான் 'ரூட்டர்'. மைசூரிலிருந்து சென்னைக்குப் போகும் வேகனுக்கு மைசூர் யார்டு முழு வழியையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. பெங்களூர்ப் பக்கம் தள்ளினால் போதும். அங்கிருந்து ஜோலார்பேட்டை, காட்பாடி என்று அடுத்தடுத்த இடங்கள் பார்த்துக்கொள்ளும். நேர்ப்பாதை அடைபட்டால் அரசிகெரே வழியாகச் சுற்றி விடலாம். ரூட்டர் செய்யும் வேலை முழுவதும் இதுதான்.

'டி.சி.பி.' என்பது ரசீது வாங்கிக்கொண்டு அனுப்பும் பார்சல். வந்து சேர்ந்ததற்கு ஒப்புதல் வராவிட்டால் மறுபடி அனுப்பும். 'யு.டி.பி.' என்பது பிளாட்பார ஒலிபெருக்கி. காதில் விழுந்ததா என்று திரும்பக் கேட்காது. பாலாறு சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்தி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, என்ன சரக்கு என்று பார்த்து, போக விடுகிறார்கள் அல்லது திருப்புகிறார்கள். 'பயர்வால்' செய்வதும் அதுவே.

பிள்ளைகள் மிகவும் அஞ்சுவது 'சப்நெட்' கணக்குக்குத்தான். நம் பாட்டனார் திண்ணைப் பள்ளியில் படித்த கீழ்வாய் இலக்கம் இதற்கு உதவும் என்றால் நம்புவீர்களா? 'ஸ்லாஷ் 24' என்ற வலையில் 256 முகவரிகள். அதை இரண்டாக்கினால் அரை. 128 முகவரிகள், ஸ்லாஷ் 25. மறுபடி பாதியாக்கினால் கால். 64, ஸ்லாஷ் 26. அடுத்தது அரைக்கால், 32, ஸ்லாஷ் 27. அதற்கடுத்தது வீசம், 16, ஸ்லாஷ் 28. ஒவ்வொரு பகுதியிலும் முதல் எண் வலையின் பெயருக்கும் கடைசி எண் எல்லோருக்குமான அறிவிப்புக்கும் போக, மீதி கம்ப்யூட்டர்களுக்கு. கால் பங்கில் 64 போட்டு 2 கழித்தால் 62. இவ்வளவுதான் கணக்கு.

நேர்முகத்தில் அந்தப் பையனிடம் கேட்ட கேள்விக்கும் பாடத்திலேயே விடை இருக்கிறது. 1984-ல் சர்வதேசத் தர அமைப்பு வெளியிட்ட ஏழு அடுக்கு முறையைக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு போனால் பழுது அகப்படும். கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா, விளக்கு எரிகிறதா, முகவரி கிடைத்திருக்கிறதா, வாசலான கேட்வே பதில் சொல்கிறதா, பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். வேலை செய்கிறதா என்பதே வரிசை. ஏழு அடுக்கின் பெயர்களை மட்டும் ஒப்பித்தவனுக்கு இது தோன்றாது. பொருள் புரிந்து படித்தவனுக்கு உடனே தோன்றும்.

நெட்வொர்க்கின் அருமை தெரிய ரயில்வேயையே பார்க்கலாம். 1986-ல் புதுடெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு வந்தது. பின்னர் மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய இடங்களிலும் மையங்கள் ஏற்பட்டன. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவு. ஊருக்குப் போய்த் திரும்பி வரும் டிக்கெட்டுக்குத் தந்தி அடித்துவிட்டுக் காத்திருந்த கதையைப் பழைய குமாஸ்தாக்கள் சொல்வார்கள். 1999-ல் ஐந்து மையங்களும் இணைக்கப்பட்ட பிறகே, எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் டிக்கெட் எடுப்பது கைகூடியது. வெளி மாநிலத்தில் பிழைக்கும் நமக்கு அதனால் ஏற்பட்ட நன்மை கொஞ்சமா? இன்று ரயில்வேயின் 'ரெயில்டெல்' நிறுவனம் தண்டவாள ஓரமாக அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கண்ணாடி இழைக் கேபிள் போட்டிருக்கிறது. அதில் பழுது ஏற்பட்டால் பார்க்க ஆள் வேண்டாமா?

'எல்லாவற்றையும் இனி செயற்கை அறிவே செய்துவிடும், இந்தப் படிப்பு எதற்கு?' என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. சான்றிதழ் மட்டும் எவருக்கும் வேலை வாங்கித் தராது என்பதும் உண்மை. கிடைக்கும் முதல் வேலையும் பெரும்பாலும் இரவு ஷிப்டும், ஏணியில் ஏறிக் கேபிள் இழுப்பதும், 'ஹெல்ப் டெஸ்க்'கில் வசவு வாங்குவதுமாகவே இருக்கும். ஆனால் எலி கடித்த கேபிளை மாற்ற ஒரு மனிதன்தான் ஏணி ஏற வேண்டும். பாங்கு, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் எங்கும் அந்த மனிதனுக்கு வேலை இருக்கிறது.

மொழிக்கும் வழி இருக்கிறது. பரீட்சை ஆங்கிலத்தில் இருந்தாலும், புரிந்துகொள்வது தாய்மொழியில் நடக்கலாம். ரூட்டரை ரூட்டர் என்றே சொல்லட்டும். அது என்ன செய்கிறது என்பதைத் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். பக்கத்து வீட்டுக் கன்னட நண்பனுக்குக் கன்னடத்தில் விளக்கட்டும். இருவருக்கும் பாடம் பதியும்.

பயிற்சிக்குப் பெரும் பணமும் வேண்டாம். சிஸ்கோவின் 'பாக்கெட் டிரேசர்' மென்பொருள் இலவசம். கம்ப்யூட்டருக்குள்ளேயே ரூட்டர்களை இணைத்துப் பழகலாம். அரசின் 'ஸ்வயம்' தளத்திலும் பாடங்கள் இருக்கின்றன. கொஞ்சம் கேபிளும் ஒரு கிரிம்பிங் கருவியும் வாங்கி, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்ற வரிசையில் எட்டுக் கம்பிகளையும் கோத்துப் பழகினால் கையே பாடம் கற்றுக்கொள்ளும்.

சங்கங்களும் சர்க்காரும் செய்ய வேண்டியவையும் உண்டு. ஆண்டு விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் பணம் திரட்டும் நம் தமிழ்ச் சங்கங்கள், பழைய கம்ப்யூட்டர் நாலைந்து வாங்கிப் போட்டு மாலை வகுப்பு நடத்தலாம். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். கிராமப் பஞ்சாயத்துகளைக் கேபிளால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் அளித்தது. இன்று அதன் பெயர் பாரத்நெட். அந்த இணைப்பு எட்டியிருக்கும் பஞ்சாயத்து ஆபீஸ்களில், மாலை ஆறு மணிக்கு மேல் ஓர் அறையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். மலையடிவாரப் பிள்ளைகளுக்கு அது பேருதவியாக இருக்கும்.

பெற்றோருக்குக் கடைசியாக ஒன்று. எந்தப் பயிற்சி நிலையத்திலும் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்களிடம் உண்மையான ரூட்டரும் ஸ்விட்சும் இருக்கின்றனவா? என் பிள்ளை தன் கையால் கேபிள் போடுவானா? ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுவீர்களா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் மேற்கொண்டு பேசுங்கள். 'தேர்ச்சி நிச்சயம்' என்பதே பதிலாக வந்தால், நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.