மெஷின் பக்கம் போகாமல் வழிகாட்டலா?

தங்கள் அதிகாரிகள் பொறியியல் மாணவர்களுக்கு வழிகாட்டும் ஏற்பாட்டை, திருப்பூர் பின்னலாடை நிறுவனத்தார் மாதம் ஒரு மணி நேர இணையவழிச் சந்திப்பாகச் சுருக்கிவிட்டார்கள். மாணவர்கள் நிறுவனத்துக்குள் வந்து வேலை பார்ப்பது இனி இல்லை. திருப்பூருக்குச் சிறிதும் பொருந்தாத முடிவு இது.

சொல்லப்படும் காரணங்கள் தெரிந்தவையே: ஷிப்மென்ட் அவசரம், பையர் ஆடிட், மாணவர் பாதுகாப்பு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இந்த ஊர் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. செலவைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் நிட்டிங் ஃபுளோரில் மேலாளர் பக்கத்தில் ஒரு மாணவர் நிற்பதால் எந்தச் செலவு கூடிவிடப் போகிறது?

பின்னல் தொழிலைக் கண்ணாலும் கையாலும்தான் கற்க முடியும். ரோலைப் பிரித்து வெளிச்சத்தில் விட்டால், சில நேரம் துணியின் நீளவாக்கில் விடாமல் ஒரு கோடு ஓடும்; ஊசி பழுது என்று அனுபவசாலி உடனே சொல்வார். குறுக்கே பட்டை விழுந்தால் நூலையும் டென்ஷனையும் பார்க்கச் சொல்வார். வட்ட கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டித் தராசில் வைக்கிறோம், 1.8 கிராம் காட்டினால் 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். கணக்கு அவ்வளவுதான். அதே துணி காம்பாக்டிங்குக்கு முன் எப்படி இருந்தது, ரிலாக்ஸ் ஆகாமல் கட்டிங்குக்குப் போனால் என்ன ஆகும், துவைத்தபின் அளவு குறைந்து பையர் திருப்பி அனுப்பினால் யார் தலையில் விழும் என்பதெல்லாம் அந்தத் தராசடியில்தான் புரியும். ஷேடு மாறியிருக்கிறதா என்று லேப் டிப் என்னும் சாய மாதிரியையும் துணியையும் ஒரே லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்க வேண்டும். செல்போன் திரையில் எந்த நிறத்தை நம்புவது?

மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைக்கு சர்க்குலர் நிட்டிங் மெஷினின் கேமும் ஊசியும் பாடம். கெமிக்கல் படிப்பவருக்கு டையிங் யூனிட்டே ஆய்வகம். கூப்பிடு தூரத்தில் இவ்வளவும் இருக்க, அந்தப் பிள்ளைகளை ஹாஸ்டல் அறையில் உட்காரவைத்து ஸ்லைடு காட்டுவது அநியாயம்.

முடிவெடுத்தவர்கள் இப்படிச் செய்வது முதல் முறையும் அல்ல. புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டு, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்ததோடு கோப்பை மூடியவர்கள் இவர்கள். பேருந்து நிறைய மாணவர்களைக் கூட்டிவந்து, ஃபுளோரை ஒரு சுற்று காட்டி, டீ கொடுத்து அனுப்பியதற்குத் தொழிற்பயிற்சி என்று பெயர் வைத்தவர்கள். ஒரு நாள்கூட வேலை பார்க்காதவர்களுக்கும் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் போனதைக் கண்டும் காணாமல் இருந்தவர்கள்.

மாணவர்களிடம் கொடுக்க உண்மையான பிரச்சினையும் இங்கே இருந்தது. 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பாழாகி, விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு வந்த உத்தரவு அது. பிறகு கழிவுநீர் வெளியேற்றமே கூடாது என்ற முறைக்கு ஊர் மாறியது. ஆனால் சுத்திகரிப்பில் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. அந்த உப்பு மூட்டைகளைக் காட்டி, ‘இதற்கொரு வழி கண்டுபிடியுங்கள்’ என்று இறுதியாண்டு மாணவர்களிடம் வருடம் தவறாமல் சொல்லியிருக்க வேண்டாமா? அப்படிச் சொல்ல இவர்களுக்கு மனம் வரவில்லை. இப்போது கேட்டையே சாத்துகிறார்கள்.

ஏற்றுமதியாளர்கள் ஒன்றுசேர்ந்து பின்னலாடைக்கென்றே நிஃப்ட்-டீ கல்லூரியை உருவாக்கிய ஊர் இது. கல்விக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கத்தான் மாநில அரசு 2022இல் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. இங்கோ இடைவெளியை அகலப்படுத்தும் வேலை நடக்கிறது. படித்த பிள்ளைகள் பனியன் கம்பெனி பக்கம் வருவதில்லை, எல்லோரும் ஐ.டி.க்கு ஓடுகிறார்கள் என்று மேடைதோறும் குறைபட்டுக்கொள்வதும் இவர்களேதான். வந்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டு வராதவர்களைப் பழிக்க இவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

இந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள். நிறுவனங்களும் கல்லூரிகளும் உட்கார்ந்து பேசி, இரு தரப்புக்கும் ஒத்துவரும் நல்ல ஏற்பாட்டைச் செய்யுங்கள். எந்த ஏற்பாடானாலும் அது மாணவரை மெஷின் அருகே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதைச் செய்ய மனமில்லாதவர்கள், திறமையான ஆள் கிடைக்கவில்லை என்று இனி யாரிடமும் முறையிட வேண்டாம்.