கருகின பானையும் கையெழுத்துப் பெட்டியும்

போன மாதம் மயூர் விஹாரில் நண்பர் ஒருவர் வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஜப்பானில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு தில்லிக்கு மாற்றலாகி வந்தவர். ஹாலில் ஒரு பூ ஜாடி. பளபளப்பு இல்லை, வர்ணம் இல்லை. ஒரு பக்கம் செங்கல் நிறம், மறுபக்கம் சாம்பல். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "சூளையில தீ கூடிப்போயி கருகிருச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டார். நண்பர் சிரித்துக்கொண்டே விலையைச் சொன்னார். ஏறக்குறைய என் ஒரு மாதச் சம்பளம்! அம்மா சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

அது பிஸென் என்ற வகை. ஜப்பானின் ஒகயாமா பக்கம் செய்கிறார்கள். வயலுக்கு அடியில் கிடைக்கும் இரும்புச் சத்துள்ள களிமண். மேலே கிளேஸ் எதுவும் பூசுவதில்லை. பைன் விறகு போட்டு பத்து நாளுக்கும் மேல் விடாமல் எரித்து, 1200 டிகிரி வரை கொண்டுபோகிறார்கள். பறக்கும் சாம்பல் மேலே படிந்து உருகி, எள் தூவினது போலப் புள்ளி விழும். வைக்கோல் சுற்றிய இடத்தில் சிவப்புக் கோடு விழும். படம் போடுவது தீ. எதை எங்கே வைத்தால் எப்படி விழும் என்று கணக்குப் போடுவது குயவர்.

நம் பானையும் இதுவும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. நம் பானை குறைந்த சூட்டில் வேகிறது. நீர் கசியும், அதனால்தான் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. பிஸென் கல் மாதிரி இறுகிவிடும். சரி, ஆனால் விலை வித்தியாசம் முழுவதும் சூட்டினால் வந்ததுதானா?

இல்லை. மெய்ஜி காலத்தில் பிஸென் நொடித்துப்போய், செங்கல்லும் குழாயும் செய்து பிழைத்த ஊர். கனெஷிகே தோயோ (1896-1967) பழைய தேநீர்ப் பாத்திரங்களின் நுட்பத்தை மீட்டெடுத்தார். 1950-ல் பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கச் சட்டம் வந்தது. 1956-ல் அவருக்கு 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்ற அந்தஸ்து கிடைத்தது. இன்று நல்ல குயவர் செய்த ஜாடி மரப்பெட்டியில் வருகிறது, பெட்டி மேல் அவர் கையெழுத்து. பெட்டி தொலைந்தால் விலையும் இறங்கும். ஆக, மண்ணோடு சேர்ந்து பெயரும் விலை போகிறது.

தில்லிக்கு இது புதிதல்ல. சர்தார் குர்சரண் சிங் 1919-ல் ஜப்பான் போய் மண்கலைத் தொழில் படித்தவர். 1952-ல் இங்கே 'டெல்லி ப்ளூ பாட்டரி' தொடங்கினார். 1991-ல் பத்மஸ்ரீ. ஆனால் அந்த மரியாதை ஸ்டூடியோவோடு நின்றுவிட்டது, தெருக் குயவர் வரை வரவில்லை.

இனி என் கதை. பல வருஷம் முன்பு மானாமதுரைப் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். வேளார் ஒருவர் சூளைக்குக் கூரை போடக் கடன் கேட்டு வந்தார். மழைக்காலம் பூராவும் தொழில் நிற்கிறது என்றார். ஜாமீன் உண்டா, வரவு செலவுக் கணக்கு உண்டா என்று கேட்டது என் பி.காம். மூளை. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் பெயர் இன்று நினைவில் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

2023-ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருஷம் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் குயவருக்கும் ஜாமீன் இல்லாமல் முதலில் 1 லட்சம், அப்புறம் 2 லட்சம், 5 சதவீத வட்டியில் கடன் உண்டு. நல்ல விஷயம். ஆனால் கடன் கொடுத்தால் மட்டும் போதாது, வாங்குகிற நாமும் மாற வேண்டும். தீபாவளிக்கு அகல் வாங்க உத்தம் நகர் கும்ஹார் கிராமம் போனால் நாம் கேட்கிற ஒரே கேள்வி, "கித்னா கம் கரோகே?" ஜப்பான்காரர் முதலில் கேட்பது, "யார் செய்தது?"

அடுத்த ஞாயிறு அம்மாவை உத்தம் நகர் கூட்டிப்போனேன். ஒவ்வொரு பானையாக விரல் கணுவால் தட்டிப் பார்த்து, "இது நல்லா வெந்திருக்கு" என்று ஒன்றை எடுத்தார். பேரம் பேசவில்லை. செய்த அம்மாவின் பெயரைக் கேட்டு வந்தோம். பானையின் அடியில் என் மகள் அதை எழுதி வைத்திருக்கிறாள்.

அடுத்த தடவை நீங்களும் கேட்டுப் பாருங்கள். காசா, பணமா!