பூண்டுக்கு உள்ள மரியாதை கடலைக்கு இல்லை

குஜராத்திலோ ராஜஸ்தானிலோ ஏதாவது ஒரு ஓட்டலில் உட்கார்ந்து "வெங்காயம், பூண்டு கூடாது" என்று சொல்லிப் பாருங்கள். சர்வர் முகம் சுளிக்க மாட்டார். "ஜெயினா சார்?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போவார். உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய் போட்ட ஜெயின் பாவ் பாஜி வரும். ஜெயின் பீட்சா வரும். "கேக்கில் முட்டை இருக்கா?" என்றால் கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகப் பதில் சொல்வார். "தனி வாணலிதானே?" என்று கேட்டாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அதே சர்வரிடம் "என் பொண்ணுக்கு வேர்க்கடலை ஆகாது, இதில் கடலை இருக்கா?" என்று கேளுங்கள். முதலில் ஒரு சிரிப்பு. பிறகு, சமையல்கட்டுப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் ஒரு பதில்: "பில்குல் நஹீ, சாப்."

இந்த "பில்குல் நஹீ"யைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கடலை என் எதிரி இல்லை. கேட்காமல், பார்க்காமல், அடித்துச் சொல்லும் அந்த "இல்லவே இல்லை"தான் எதிரி.

முன்கதைச் சுருக்கம். நான் வங்கி அதிகாரி. ஊர் விட்டு ஊர் மாற்றலாகி கொல்கத்தா, புனே எல்லாம் பார்த்துவிட்டு இப்போது போபாலில். மகளுக்கு ஒன்பது வயது. கடலைத் தூள் கொஞ்சம் உள்ளே போனாலே போதும், உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சு இரைக்கும். போன டிசம்பரில் எல்.எஃப்.சி. எடுத்துக்கொண்டு சௌராஷ்டிரா போனோம். அம்மாவுக்கு சோம்நாத், துவாரகை. மகளுக்கு கிர் சிங்கம்.

"கடலை ஆகாத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடலை விளையற சீமைக்கா போனே?" என்று கேட்பீர்கள். கேட்டார்கள். நாட்டிலேயே அதிகமாகக் கடலை விளைவது குஜராத்தில்தான். ஜுனாகத்தில் நிலக்கடலை ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. பதினைந்து கிலோ கடலை எண்ணெய் டின் என்ன விலை என்பது அங்கே செய்தித்தாளில் வரும் சமாசாரம். எல்லாம் தெரிந்துதான் போனோம். ஆனால் ஐயா, கடலை இல்லாத ஊர் எது? போபாலில் காலையில் போஹா, அதன் தலையில் கடலை. மகாராஷ்டிராவில் பொரியலோ கோசம்பரியோ, எதிலும் கடலைத் தூள். கொல்கத்தாவில் ஜால்முரி. நம்மூரில் புளியோதரை, கடலைச் சட்னி. பிள்ளைக்குக் கடலை ஆகாது என்றால் சோம்நாத்தும் ஆகாதா?

ராஜ்கோட்டிலிருந்து ஜுனாகத் போகும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை. பெயர் வேண்டாம், அந்த ஒரு கடையைத் திட்டுவது நோக்கமில்லை. "தாலில் மூங்ஃபலி இருக்கா?" என்றேன். "பில்குல் நஹீ." தால் வந்தது. மேலே முழு முழுக் கடலையாக மிதக்கிறது. குஜராத்தி தாலின் லட்சணமே அதுதான். அது கண்ணுக்குத் தெரிந்ததால் தட்டைத் தள்ளிவைத்தோம். பச்சைச் சட்னி? "மல்லி, மிளகாய் மட்டும்தான்" என்றார் அதே தம்பி. தங்கமணி எழுந்து நேராக அடுப்படி வாசலில் நின்று சமைப்பவரையே கேட்டாள். அவர் ஆச்சரியத்தோடு சொன்னார்: "சிங்தாணா போடாமல் சட்னி எப்படி வரும், பென்?"

அந்தத் தம்பி பொய்யர் இல்லை. அவருக்கு அது வெறும் சட்னி. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. "தெரியாது" என்று சொன்னால் முதலாளி திட்டுவார், வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார். "இல்லை" என்று சொன்னால் எல்லோருக்கும் சந்தோஷம். பிள்ளைக்கு மூச்சு இரைக்கும் வரை.

எங்கள் வங்கியில் ஒரு கணக்கு திறக்க வருபவரை என்ன பாடு படுத்துகிறோம்! ஆதார், பான், முகவரி, ஒருவர் பதிந்ததை இன்னொருவர் சரிபார்ப்பது. எல்லாம் பணம் பத்திரமாக இருக்க வேண்டுமே என்பதற்காக. வட்டி விகிதம் தெரியாவிட்டால் "கேட்டுச் சொல்றேன் சார்" என்று சொல்லும் பிள்ளைதான் நல்ல கிளார்க். தெரியாமல் அடித்துவிட்டால் மெமோ. கடன் விகிதத்துக்கு உள்ள இந்தக் குறைந்தபட்ச ஒழுங்கு, குழந்தையின் வாய்க்குள் போகும் சோற்றுக்கு வேண்டாமா?

இதில் பாஷைத் தகராறு வேறு. இங்கே ஹிந்தியில் மூங்ஃபலி. குஜராத்தியில் சிங்தாணா. சௌராஷ்டிரா கிராமத்தில் மாண்ட்வி. மராத்தியில் ஷேங்க்தாணா. கன்னடத்தில் கடலேகாய். தெலுங்கில் வேருசெனக, பல்லி. மலையாளத்தில் கப்பலண்டி. வங்காளத்தில் சீனேபாதாம், பேச்சில் வெறும் பாதாம்! டெல்லியில் பாதாம் என்றால் வாதுமை, கொல்கத்தா தெருவில் பாதாம் என்றால் கடலை. இங்கிலீஷில் 'நட்ஸ்' என்று கேட்டால் சர்வர் முந்திரியை நினைத்துக்கொண்டு இல்லை என்பார். அவர் சொல்வதும் சரிதான், கடலை கொட்டை வகையே இல்லை, பயறு வகை. நம் தமிழ் மட்டும் என்ன? வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு எல்லாமே கடலை. "கடலைச் சட்னியா?" என்றால் எந்தக் கடலை? வெளியூர் போகும் முன் அந்த ஊர்ப் பெயரைக் கற்றுக்கொண்டு, அந்த ஊர் எழுத்திலேயே ஒரு அட்டையில் எழுதி எடுத்துப் போங்கள். அந்த அட்டை சர்வரைத் தாண்டிச் சமையல்காரர் கைக்குப் போக வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. சுத்த பத்தமான சாப்பாடு என்று நாம் நம்பும் விரதச் சாப்பாடுதான் எங்களுக்கு மகா ஆபத்து. தானியம் கூடாது என்பதால் ஃபராளி பலகாரம் எல்லாவற்றிலும் கடலை. ஜவ்வரிசிக் கிச்சடியில் பாதி கடலைத் தூள். ஆக, மதம் கேட்டால் இந்த நாட்டுச் சமையல்கட்டு காது கொடுக்கும். தனிப் பாத்திரம், தனி வாணலி, தனி மெனு எல்லாம் வரும். டாக்டர் சொன்னதைக் கேட்கத்தான் காது கிடையாது. திறமை இல்லை என்று சொல்லவே முடியாது. உலகத்திலேயே இந்த வித்தை நன்றாகத் தெரிந்த சமையல்காரர்கள் நம்மிடம்தான் இருக்கிறார்கள்.

சட்டம் இல்லையா? பாதி இருக்கிறது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி பாக்கெட் உணவில் பால், முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா போன்ற ஒவ்வாமைப் பொருள் இருந்தால் அச்சிட்டே ஆக வேண்டும். அதனால் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் படித்து முடிவு செய்ய முடிகிறது. உணவகங்களில், மத்திய உரிமம் உள்ளவையும் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ளவையும் மெனுவில் கலோரியோடு ஒவ்வாமைத் தகவலும் தர வேண்டும். 2022 ஜூலை 1 முதல் நடைமுறை. நல்லது. ஆனால் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவன் சாப்பிடுவது எங்கே? ஹைவே தாபாவில், யாத்திரை ஊர் போஜனாலயாவில், ஒற்றைக் கடை சரவண, கணேச, கிருஷ்ண பவன்களில். அங்கே பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி தாண்டி எதுவும் இல்லை.

ஐரோப்பிய யூனியனில் 2014 டிசம்பர் முதல் 14 பொருள்களைப் பற்றிச் சின்னக் கடையும் தகவல் தர வேண்டும். 2016இல் எள் கலந்த ரொட்டியைச் சாப்பிட்டு ஒரு பதினைந்து வயதுப் பெண் இறந்த பிறகு, பிரிட்டனில் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். 2021 அக்டோபரில் அமலுக்கு வந்தது. நம் ஊரில் எத்தனை பிள்ளை போனால் இறுக்குவார்கள்?

அடுத்து நம் சொந்த பந்தங்கள். மூன்று வசனங்கள் நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள்.

ஒன்று: "அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது? வெள்ளைக்காரன் வியாதி." மேற்கு நாடுகளைவிட இங்கே குறைவு என்பது உண்மைதான். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமா? லாக்கர் கொள்ளைகூடக் குறைவுதான், அதற்காக ஸ்ட்ராங் ரூமைத் திறந்து போட்டுவிட்டா வீட்டுக்குப் போகிறோம்?

இரண்டு: "கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கு." இதற்கு ஆதாரமாக வாட்ஸப்பில் ஒரு ஆராய்ச்சி வேறு சுற்றுகிறது. ஆராய்ச்சி நிஜம். லண்டனில் செய்து 2015இல் வெளியிட்டார்கள். கைக்குழந்தைப் பருவத்திலேயே கடலை கொடுக்கத் தொடங்கினால் அலர்ஜி வருவது வெகுவாகக் குறைகிறது என்று கண்டார்கள். அது வராமல் தடுக்க. வந்துவிட்ட ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அல்ல. பழக்கும் சிகிச்சையும் உண்டு. மருத்துவமனையில், டாக்டர் கண் முன்னால், மில்லிகிராம் கணக்கில் செய்வது அது. கல்யாணப் பந்தியில் சித்தப்பா செய்வதல்ல.

மூன்று: "நம்ம செக்கு எண்ணெய்தான், ஒண்ணும் ஆகாது." நேர் தலைகீழ். நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. செக்கில் ஆட்டி வடிகட்டியதில்தான் மிஞ்சும். அலர்ஜியைக் கிளப்புவது அந்தப் புரதம்தான்.

இந்தச் சங்கதி ஓட்டலோடு முடியவில்லை. இந்த வடக்கத்தி ஊர்களில் நாம் கூடும் பொங்கல் விழா, நவராத்திரி கொலு, ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவரும் சாப்பாடு, எங்காவது ஒரு பாத்திரத்தின் மேல் "இதில் கடலை இருக்கிறது" என்று ஒரு சீட்டு பார்த்திருக்கிறீர்களா? பாசத்தில் பிள்ளை வாயில் ஊட்டிவிட்டுப் பிறகுதான் "சாப்பிடுவியாடா கண்ணு?" என்கிறோம். சாம்பாரில் வெல்லம் போட்டதற்கு அரைமணி நேரம் சண்டை போடும் நமக்கு, சீட்டு எழுத அரை நிமிடம் கிடைக்காதா?

நான் கேட்பது ரொம்பச் சின்னது.

1. ஓட்டல்காரருக்கு: எந்தப் பண்டத்தில் கடலை, எந்த எண்ணெய் என்று ஒரு தாளில் எழுதி லாமினேட் செய்து கல்லாவில் தொங்கவிடுங்கள். ஒரு மசால் தோசை விலைகூட ஆகாது. தெரியாவிட்டால் "தெரியாது" என்று சொல்லுங்கள். உங்கள் கடையில் தயிர்சாதமாவது சாப்பிட்டுவிட்டுக் கும்பிட்டுப் போவோம்.

2. அரசுக்கு: பத்துக் கிளை என்ற கணக்கை எடுத்துவிட்டு எல்லா உணவகங்களுக்கும், கேட்டரிங்காரர்களுக்கும் அதே விதியை வையுங்கள். ஆபத்தில் காப்பாற்றும் மருந்து அட்ரினலின். ஊசிக் குப்பியாக மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் பெற்றோரே தொடையில் அழுத்திப் போடும் பேனா ஊசிக்கு நாயாய் அலைய வேண்டியிருக்கிறது. அதை ஊர் மருந்துக் கடைக்குக் கொண்டுவாருங்கள்.

3. நமக்கு: அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எதையும் ஊட்டுமுன் அதன் அம்மாவைக் கேளுங்கள். கேட்பவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

பூண்டு பட்டால் விரதம் கெடும். கடலை பட்டால் ஒரு பிள்ளையின் மூச்சு நிற்கும். பூண்டுக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியைக் கடலைக்கும் கொடுங்கள் என்கிறேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, லெட்ஜர் பார்க்கிறவன். ஆனால் எங்கள் டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று. மூச்சு இரைக்க ஆரம்பித்துவிட்டால் அவிலும் செட்ரிசினும் போதாது. அட்ரினலின்தான், அதுவும் உடனே. ஊசி போட்டு நன்றாகிவிட்டாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம், ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். எவ்வளவு அளவு, எப்படிப் போடுவது என்பதை உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள்.