வண்டிச் சக்கரத்துல சோறு வேகாதுங்க

போன வாரம் சென்னைத் தம்பி ஒருத்தர் போன் பண்ணினார். நான் எழுதறதைத் தவறாமப் படிக்கிறவர். குடும்பத்தோட ஏற்காடு போயிட்டுத் திரும்பிட்டு இருந்தாராம். "அண்ணே, உங்க ஆத்தூர்லதான் சாப்பிட்டோம். அசல் கிராமத்துச் சாப்பாடு"ன்னார். எங்கேன்னு கேட்டேன். புறவழிச்சாலையில இருக்கிற ஒரு மோட்டலைச் சொன்னார். வாசல்ல மாட்டுவண்டிச் சக்கரம், உள்ளே கீத்துக் கூரை, சுவத்துல முறம், வேட்டி கட்டிப் பரிமாறுற பையன். சரி, என்ன சாப்பிட்டீங்கன்னேன். "பரோட்டா, பன்னீர் பட்டர் மசாலா, பிள்ளைங்களுக்கு நூடுல்ஸ்."

சிரிப்பும் வந்துச்சு, கோபமும் வந்துச்சு.

அந்தச் சக்கரத்தைப் பத்திச் சொல்றேன். எங்க அப்பா மாட்டை வித்த பிறகு எங்க வண்டி வேப்பமரத்தடியில சும்மா கிடந்துச்சு. கேக்க ஆளில்லை. மரத்தைக் கரையான் தின்னுச்சு, இரும்புப் பட்டாவை எடைக்குப் போட்டோம். இன்னைக்கு அதே மாதிரிச் சக்கரத்துக்கு வார்னிஷ் அடிச்சு வாசல்ல வச்சா நீங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கறீங்க. எடுங்க, தப்பில்லை. ஆனா சக்கரத்துல சோறு வேகாதுங்க.

அந்த மோட்டல்ல இருந்து 2 கிலோமீட்டர் ஊருக்குள்ள வந்தா ஒரு மெஸ் இருக்கு. 8 பெஞ்சு, ஒரு ஃபேன். அக்கா சமைப்பாங்க, மாமா பரிமாறுவார், அவங்க மருமக கல்லாவுல. 80 ரூபாய்க்கு இலைச் சாப்பாடு. சாம்பார், பச்சைப்புளி ரசம் இல்லைன்னா கொள்ளு ரசம், ஒரு கீரைக் கடைசல், ஒரு பொரியல், மோர். புதன்கிழமை ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும். ரெண்டு மணிக்கு மேல போனா "தீந்துபோச்சு தம்பி"ன்னு சொல்லிடுவாங்க.

அங்கே சாப்பாடு நல்லா இருக்கிறதுக்குக் கைமணம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாம். நான் சொல்றது வேற கணக்கு. அந்த மெஸ்ல சாப்பிடறவங்க கோர்ட் குமாஸ்தா, லாரி மெக்கானிக், துணிக்கடைப் பசங்க, என்னை மாதிரி சந்தைக்கு வந்துபோறவங்க. எல்லாம் தினமும் வர்ற அதே முகம். நேத்து சாம்பாரைச் சூடு பண்ணி ஊத்தினா இன்னைக்கே எழுந்து நின்னு கேப்பாங்க, நாளைக்கு வர மாட்டாங்க. அதனால அக்காவால ஏமாத்த முடியாது. மோட்டல்காரருக்கு அந்தப் பயம் எதுக்கு? நீங்க சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல விழுப்புரம் தாண்டிடுவீங்க. திரும்பி வர ஒரு வருசம் ஆகும். நீங்க வராட்டியும் பின்னாடியே நூறு கார் வந்துட்டு இருக்கு. அங்கே சமைக்கிறவர் கெட்டவர்னு நான் சொல்லலை. நல்லா சமைச்சே ஆகணும்னு அவரை யாரும் கட்டாயப்படுத்தலை, அவ்வளவுதான்.

"ஊருக்குள்ள கார் நிறுத்த இடமில்லை, பொம்பளைங்களுக்கு கழிப்பறை இல்லை"ன்னு சொல்வீங்க. உண்மை. என் வீட்டுக்காரியே அதைத்தான் சொல்லுவா. மெஸ்காரங்களுக்கும் நான் இதைச் சொல்லாம விடறதில்லை: கழிப்பறையைச் சுத்தமா வைக்காம காருக்காரர் வரலைன்னு அழுதா யார் கேப்பாங்க? ஆனா கழிப்பறைக்கு மோட்டல்ல நிறுத்திட்டு சோத்துக்கு ஊருக்குள்ள வர்றதை யாரும் தடுக்கலையே.

இதுல எனக்கு என்ன வந்துச்சுன்னு கேப்பீங்க. சேலத்துல இருந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் 130 கிலோமீட்டருக்கு மேல ரோடு. முன்ன வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம், கள்ளக்குறிச்சின்னு ஒவ்வொரு ஊருக்குள்ளயும் நுழைஞ்சுதான் வண்டி போகணும். மதியம் 12 மணியில இருந்து 3 மணி வரைக்கும் எங்க ஊர் மெஸ்ல உக்கார இடம் கிடைக்காது. புறவழிச்சாலை வந்து நெரிசல் குறைஞ்சது நல்லதுதான், நெரிசலோட வியாபாரமும் போச்சு.

எனக்கு ஒண்ணரை ஏக்கர். பாதியில மரவள்ளி, மீதியில கீரையும் வாழையும். மரவள்ளி பத்து மாசம் கழிச்சு ஜவ்வரிசி மில்லுக்குப் போகும், அன்னைக்கு என்ன விலையோ அதுதான். காய்கறின்னா தலைவாசல் மார்க்கெட். விலை ஒரு நாள் ஏறும், மறுநாள் இறங்கும், கமிஷனும் போகும். அந்த மெஸ்ஸுக்கு மட்டும் தினம் 15 கட்டு கீரையும் இலைக்கட்டும் கொண்டுபோறேன். பேரம் கிடையாது, காசு அன்னைக்கே கையில. எங்க வீட்டுக் கரண்ட் பில்லும் மாத்திரைச் செலவும் அதுலதான் ஓடுது. மோட்டல்ல ரெண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். மொத்தமா வேற இடத்துல இருந்து வருதுன்னுட்டாங்க. வாசல்ல சக்கரம் நம்மளுது, அடுப்புல வேகறது எதுவும் நம்மளுது இல்லை.

முந்தாநாள் இலைக்கட்டை இறக்கும்போது அக்கா சொன்னாங்க: "தம்பி, பொங்கலோட அடுப்பை அணைச்சிரலாம்னு இருக்கோம்." எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. வந்து இங்கே எழுதறேன்.

அடுத்த தடவை இந்தப் பக்கம் வந்தா ஒண்ணு செய்யுங்க. போன்ல நட்சத்திரம் எண்ணாதீங்க. ஊருக்குள்ள வந்து ஒரு டீக்கடையிலயோ பஞ்சர் கடையிலயோ நிறுத்தி, "நல்ல ஹோட்டல் எது"ன்னு கேக்காம "நீங்க மதியம் எங்க சாப்பிடுவீங்க"ன்னு கேளுங்க. முதல் கேள்விக்கு உங்க காரைப் பார்த்துப் பதில் சொல்வாங்க. ரெண்டாவதுக்கு உண்மையைச் சொல்வாங்க. ஆத்தூர்னு இல்லை, எந்த ஊர்லயும் இது பலிக்கும்.

கூடப்போறது அரை மணி நேரம். ரெண்டு மணிக்குள்ள வந்துருங்க, கீரை தீந்துபோயிரும்.