நூறு சாமான் இருந்தது, பசை இல்லை!

எங்கள் வீட்டில் ஒரு மர ஸ்டூல் உண்டு. அதன் ஒரு கால் ஆடும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "பார்த்து ஏறு" என்று ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொள்வோம். அதோடு சரி!

பொங்கலுக்காக வீட்டை ஒட்டடை அடித்தோம். பரண் மேல் இருந்த பானையை எடுக்க அம்மா அந்த ஸ்டூலில் ஏறினார். கால் கழன்றது. அம்மா கீழே விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு! அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பானை ஏற்றியவர், பக்கத்து வீட்டு அக்காள்.

இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? வீட்டில் ஒரு பெரிய கருவிப் பெட்டி இருந்தது. விளம்பரத்தைப் பார்த்து நான்தான் வாங்கினேன். உள்ளே நூறு சாமான். ஆனால், ஸ்டூல் காலை ஒட்ட ஒரு கரண்டி பசை இல்லை! அதற்கு முன்பு அந்தக் காலில் ஆணி அடித்தவனும் நான்தான். மரம் பிளந்ததுதான் மிச்சம்.

ஆகவே சொல்கிறேன்: பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள். வேலையைப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டைச் சுற்றி வாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எது ஆடுகிறது? எந்தக் கதவு இடிக்கிறது? எந்தக் கீல் கழன்றிருக்கிறது? எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்தக் காகிதம்தான் உங்கள் கடைச் சீட்டு.

"செட்டாக வாங்கினால் மலிவாயிற்றே!" என்பார்கள். உபயோகப்படாத சாமான் எப்படி மலிவாகும்? துருப்பிடிக்கும் காசு அது!

முதலில் எது?

பெரும்பாலான வீடுகளுக்கு இவ்வளவு போதும்:

அளக்க ஓர் அளவு நாடா, ஒரு மூலை மட்டம். அறுக்க நல்ல ரம்பம் ஒன்று. செதுக்க அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று இரண்டு உளி. உளியைத் தட்ட மரத்தாலான கொட்டாப்புளி. ஆணிக்குச் சுத்தியல், ஆணி பிடுங்கக் குறடு. திருகாணிக்கு இரண்டு திருப்புளி. துளை போட ஒரு சிறு டிரில்.

இவற்றை நல்லதாக வாங்குங்கள். மற்றவை, வேலை கேட்கும்போது வரட்டும்.

மூலை மட்டம் இல்லையா? கவலை வேண்டாம். ஒரு பக்கம் 30 சென்டிமீட்டர், மறு பக்கம் 40 சென்டிமீட்டர் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கே அளந்தால் 50 வந்தால் மூலை நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

தீட்டும் கல்

பலரும் மறப்பது இதுதான். மழுங்கிய உளியைப் பலம் கொடுத்துத் தள்ள வேண்டும். தள்ளும்போது வழுக்கும். வழுக்கினால் கையைக் கிழிக்கும். ஆகவே மூன்றாவது உளி வாங்கும் காசில் ஒரு தீட்டும் கல் வாங்குங்கள். உளி முனையின் சாய்வு 25 முதல் 30 டிகிரி வரை இருக்கலாம். அந்தச் சாய்வு மாறாமல் தீட்டுங்கள்.

பசையா, ஆணியா?

ஆடும் காலுக்கு ஆணி மருந்து அல்ல. காலை மெல்லக் கழற்றுங்கள். பழைய பசையைச் சுரண்டுங்கள். மரத்துக்கான வெள்ளைப் பசையைத் தடவிப் பொருத்துங்கள். பிறகு கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றின் நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். கயிறு இறுகும். ஒரு நாள் முழுவதும் அப்படியே விடுங்கள். பசை பிடித்துக்கொள்ளும்.

திருகாணி போடுவதானால், முதலில் அதைவிடச் சிறிய துளை போடுங்கள். மரம் பிளக்காது.

வழவழப்புக்கு உப்புத்தாள் வேண்டும். 80, 120, 220 என்று எண் போட்டிருக்கும். எண் கூடக்கூடத் தாள் நயமாகும். சின்ன எண்ணில் தொடங்கிப் பெரிய எண்ணில் முடியுங்கள்.

மூன்று எச்சரிக்கை

ஒன்று: மரத்தூளை அற்பமாக நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்து 1995-ல் வெளியிட்டது. ஆகவே மூக்கை மூடிக்கொண்டு, திறந்த வெளியில் இழையுங்கள்.

இரண்டு: ஆளி விதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும்! விரித்துக் காயவிடுங்கள்.

மூன்று: உளியும் ரம்பமும் சிறு குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

தச்சருக்குப் போட்டியா?

இல்லவே இல்லை! நிலை, கதவு, கட்டில் என்றால் தச்சரைத்தான் கூப்பிட வேண்டும். அது பல ஆண்டு பழகிய கை. அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த ரம்பம் நல்லது என்று அவரையே கேளுங்கள். ஒரு முறை உளி பிடித்துப் பார்த்தவர், தச்சர் கூலியில் பேரம் பேசக் கூசுவார்.

மகனுக்கு மட்டும் அல்ல, மகளுக்கும் திருப்புளி பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். ஆயுத பூஜை அன்று மட்டும் கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தால் போதாது. மற்ற நாளிலும் அதைத் தொட வேண்டும். அதுதான் கருவிக்குச் செய்யும் மரியாதை.

எங்கள் ஸ்டூலை நானும் என் மகளும் சேர்ந்து ஒட்டினோம். இப்போது அம்மா அதில் உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறார். கால் ஆடவில்லை.

உங்கள் வீட்டில் ஆடுவது எது? இன்று ஞாயிற்றுக்கிழமைதானே. எழுந்து போய்ப் பாருங்கள்!