பிரசவ அறையில் எழுவாய் யார்?

தாய்-சேய் நலம் பற்றிய கருத்தரங்குகளில் ஒரு வாதம் ஓயாமல் எழுகிறது: முதலில் உயிர் பிழைக்கட்டும், மரியாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்படிச் சொல்பவர்களின் கையில் வலுவான எண்கள் இருக்கின்றன. ஜனனி சுரக்ஷா திட்டம் தொடங்கிய 2005 வாக்கில் இந்தியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பிரசவங்களே மருத்துவமனைகளில் நிகழ்ந்தன; 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் அது 89. ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 254 ஆக இருந்த தாய் இறப்பு 97க்கு இறங்கியது. வீட்டுப் பிரசவத்தைப் பொற்காலமாகப் பாடுபவர்கள், உதிரப்போக்கில் மாண்ட பெண்களைக் கணக்கில் கொள்வதில்லை. அவர்களோடு வாதிடுவதும் வீண்.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. உயிருக்கான விலையாக மரியாதையைக் கொடுத்தாக வேண்டும் என்று இந்த வாதம் கருதிக்கொள்கிறது. வலியில் கத்தியவளைத் தொடையில் அறைந்ததும், ‘அன்றைக்கு இனித்ததா’ என்று ஏசியதும், ஒரு சொல்லும் கேளாமல் பிறப்புவாயைக் கத்தரித்ததும் எந்த உயிரைக் காத்தன? எல்லோருக்கும் வழக்கமாக அவ்வாறு கத்தரிப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. பிரசவத்தின்போது துணைக்கு ஒருவர் இருப்பதைப் பரிந்துரைக்கிறது. இந்திய அரசும் 2016இலேயே அரசு மருத்துவமனைகளில் அதற்கு இடமளித்துவிட்டது. அவமதிப்புக்கு அஞ்சியவள் அடுத்த பேற்றுக்குத் தாமதித்தே கிளம்புவாள். தாய் இறப்பைப் படித்த எவருக்கும் தாமதம் என்ன செய்யும் என்று தெரியும்.

ஏஎன்எம் என்ற பதவிப் பெயரின் கடைசி எழுத்து பேறு பார்ப்பவளைக் குறிப்பது. 1973இன் கர்த்தார் சிங் குழு அறிக்கைக்குப் பின் அவர் பல்நோக்குப் பணியாளரானார். 1977இல் பயிற்சி 24 மாதத்திலிருந்து 18 மாதமாகச் சுருங்கியது. குடும்பக் கட்டுப்பாடும் தடுப்பூசியும் அவர் நாளை விழுங்கின. எழுத்து மட்டும் எஞ்சியது. ஊர் மருத்துவச்சியின் கதை இன்னும் கொடியது. தொப்புள்கொடி அறுப்பதைத் தீட்டென்று ஒதுக்கி, வட இந்தியாவில் அவ்வேலையைப் பெரும்பாலும் தலித் பெண்களின் தலையில் கட்டிய சமூகம், பின்னர் அவர்களுக்குத் திறனே இல்லை என்றது. பயிற்சி பெற்றிருந்தாலும் அவர்கள் ‘திறன்மிகு’ பணியாளர் ஆகார் என்று 2004இன் பன்னாட்டுக் கூட்டறிக்கையும் வரையறுத்தது. அவர்கள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பத் தனித்தொழிலாகப் பேறுகாலச் செவிலியத்தை வளர்க்கும் வழிகாட்டுதல் வெளிவர 2018 டிசம்பர் ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தில் சந்தை காத்திருக்கவில்லை. அதே 2019-21 ஆய்வில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 47 விழுக்காடு அறுவை. அரசு மருத்துவமனைகளில் 14. வயது, நோய் எனக் காரணம் சொல்லலாம். சில உண்மையாகவும் இருக்கும். மூன்று மடங்குக்கும் மேலான இடைவெளியை அவை விளக்கிவிடுமா? கட்டணச் சீட்டைக் கண்டதும் பெண்களின் இடுப்பெலும்பு குறுகிவிடுகிறதா?

தமிழில் குழந்தையைப் பெறுபவள் பெண். மருத்துவச்சி பிரசவம் ‘பார்ப்பவள்’. வினையின் எழுவாய் யார் என்பதில் மொழிக்குக் குழப்பமே இருந்ததில்லை. மருத்துவமனை ஆங்கிலத்தில் மருத்துவர் குழந்தையை ‘டெலிவர்’ செய்கிறார். பெற்றவள் ‘கேஸ்’ ஆகிறாள். திட்ட அறிக்கையில் அவள் ‘பயனாளி’. ஊர்ப்புறத் தாய்க்கு 1400 ரூபாய் என்ற வரியில் அவள் நான்காம் வேற்றுமையில் நிற்கிறாள், பெறுநராக.

ஆய்வேடுகள் இச்சொற்களை அப்படியே படியெடுப்பதுதான் வெட்கக்கேடு. ‘பிரசவம் எங்கே நடந்தது?’ என்ற வினாவுக்குக் கீழே ‘உங்களோடு யார் இருந்தார்? உங்களைக் கேட்டுச் செய்தார்களா?’ என்ற வரியைச் சேர்க்க எந்த அமைச்சகத்தின் அனுமதியும் தேவையில்லை.